கொழும்புக் கரையும் அதன் உழைப்பாளரும்

கொழும்பு நகரின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குகின்றனர். போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர்; 1656இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர்; 1796இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. அதன் பின்னர் ஆளுநர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எந்த ஆளுநர் எந்த வீதியைத் திறந்தார், எந்த இளவரசர் எந்தக் கல்லை நாட்டினார் என்பனவெல்லாம் ஆண்டு தவறாமல் குறிக்கப்பட்டுள்ளன. முகத்துவாரத்தில் வலை இழுத்தவனும், கொட்டாஞ்சேனையிலிருந்து விடியுமுன் எழுந்து சென்று கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவனும், வெள்ளவத்தை ஆலையில் தறி ஓட்டியவனும் அந்த வரலாற்றில் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

இம்மக்கள் எத்தொழிலால் வாழ்ந்தனர், எங்கே உறங்கினர், எதற்காகப் போராடினர் என்பதை அறிவது நகர வரலாற்றின் முதற் கடமை. அதனோடு இன்னொரு கேள்வியும் பிறக்கிறது. ஒரு காலத்தில் இனமும் மொழியும் பாராது தோளோடு தோள் நின்ற இக்கரையின் உழைப்பாளர் பின்னர் எவ்வாறு பிரிக்கப்பட்டனர்? இரண்டாவது கேள்வியின் விளைவுகளை நாம் இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

கடலை நம்பிய கரை

களனி கங்கை கடலோடு சேரும் இடம் முகத்துவாரம். அங்கிருந்து தெற்கு நோக்கிக் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கரை நீண்டு செல்கிறது. இன்று இது இடைவெளியற்ற மாநகரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரோ, கோட்டையையும் புறக்கோட்டையையும் விட்டு விலகியதும் தென்னந்தோட்டங்களும் மீனவர் குடிசைகளுமே பெரிதும் கண்ணிற்பட்டன. வெள்ளவத்தை என்ற பெயரே சிங்களத்தில் கடற்கரை மணற்றோட்டம் என்னும் பொருளைத் தருவது.

இக்கரையின் பழந்தொழில் கரைவலை. வலையின் ஒரு முனையைக் கரையில் நிறுத்தி, மறுமுனையைப் படகில் ஏற்றிக் கடலை வளைத்து வந்து, இரு வரிசைகளாக நின்று பலர் சேர்ந்து இழுப்பது அது. ஒருவனால் ஆகாத தொழில். பாட்டிசைத்து, அடி பெயர்த்து, ஒரே மூச்சாக இழுத்தாலன்றி வலை கரையேறாது. ஆனால் கூட்டாக இழுத்த மீன் கூட்டாகப் பங்கிடப்படவில்லை. வலைக்கும் படகுக்கும் உரிய சம்மாட்டியின் பங்கு முதலில் பிரியும். எஞ்சியதே இழுத்தவர்களுக்கிடையே சிதறும். மழைக்காலத்தில் உணவுக்கென வாங்கிய முற்பணம் அந்தச் சிறு பங்கையும் விழுங்கிவிடும். கடன் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே மீனை விற்கவேண்டும் என்ற கட்டும் இருந்தது.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலை மூடிவிடும். அக்காலத்தில் நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரையூர்களின் மீனவர் பலர் குடும்பங்களோடு கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து சென்று வாடியமைத்துத் தொழில் செய்வர். காற்று மாறியதும் திரும்புவர். போகாதவர் கடனில் வாழ்ந்தனர். பெண்கள் மீன் கூடை சுமந்தனர்; கருவாடு உலர்த்தினர்; ஊறவைத்த தேங்காய் மட்டையை அடித்துக் கயிறு திரித்தனர். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் கத்தோலிக்க மீனவர் தமிழிலே செபம் சொல்லிச் சிங்களத்திலே வியாபாரம் பேசிய மக்கள். இரு மொழிகளும் ஒரு வாயில் பகையின்றி வாழ முடியும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

கப்பல் வந்தால் கூலி

1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இந்துமாக்கடலின் வாணிபப் பாதை மாறியது. அதுவரை பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்தையே நாடின. கொழும்பில் அவை திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குப் படகுகளே பொருளை ஏற்றி இறக்கின. மலைநாட்டுக் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் விரைந்து ஏற்ற விரும்பிய தோட்ட முதலாளிகளுக்கு இது போதவில்லை. 1875 டிசம்பர் 8ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்குக் கல் நாட்டினார். பத்து ஆண்டுகளில் அச்சுவர் முடிவுற்றது. இளவரசர் நாட்டிய கல் ஒன்று. ஏனைய கற்களை மஹரக் கற்குழிகளில் உடைத்தவர் சிறைக்கைதிகள்.

துறைமுகம் எழுந்ததும் கொட்டாஞ்சேனையின் தன்மையே மாறிற்று. கப்பல்கள் நிலக்கரியில் ஓடிய காலம் அது. கொழும்பு கீழ்த்திசையின் பெரிய கரித்துறைகளுள் ஒன்றாயிற்று. கூடை கூடையாகக் கரியைச் சுமந்து ஏற்ற ஆள் வேண்டும். அரிசி மூட்டையை இறக்க ஆள் வேண்டும். தேயிலைப் பெட்டியை ஏற்ற ஆள் வேண்டும். திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தனர். தென்னிலங்கைக் கிராமங்களில் நிலமிழந்த சிங்கள உழவரும் வந்தனர். மரிக்கார்களும் மலாயரும் முன்னரே அங்கு இருந்தனர். கொச்சிக்கடை என்ற பெயரே கொச்சியிலிருந்து வந்தோரின் கடைகளால் ஏற்பட்டது என்பர். தூத்துக்குடியும் கொழும்பும் அன்று அயலூர்கள் போலவே இருந்தன. வ. உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஓடியதும் இவ்விரு துறைகளுக்கிடையேதான்.

துறைமுக வேலை நாட்கூலி. கப்பல் வந்தால் கூலி உண்டு, வராவிட்டால் இல்லை. கங்காணி கைகாட்டியவனே உள்ளே போகலாம்; மற்றவன் வீடு திரும்பவேண்டும். முகத்துவாரத்து மீனவன் காற்றைப் பார்த்திருந்தான். கொட்டாஞ்சேனைத் தொழிலாளி கப்பலைப் பார்த்திருந்தான். நாளை அடுப்பெரியுமா என்பது இருவருக்குமே தம் கையில் இல்லை.

வந்தவர்கள் குடியிருந்த இடத்தைக் கொழும்பு மக்கள் 'தோட்டம்' என்றும் 'வத்தை' என்றும் அழைத்தனர். பெயரில்தான் பசுமை. ஒரு முற்றத்தைச் சுற்றி ஓரறை வீடுகள், எல்லோருக்கும் ஒரு குழாய், ஒரு மலகூடம் என்பதே அதன் அமைப்பு. 1914இல் கொழும்பிற் பிளேக் நோய் தோன்றியபோது, அரிசிக் களஞ்சியங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த செட்டியார் தெருப் பகுதியே முதலில் பாதிக்கப்பட்டது. கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கும் அந்தத் தெருவுக்கும் இடையே சில மைல்களே. வாழ்க்கையிலோ அத்தூரம் அளவிடற்கரியது.

வெள்ளவத்தை ஆலை

நகரின் தென்முனையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. கொழும்பிலிருந்து தெற்கே சென்ற இருப்புப்பாதை கடற்கரையை ஒட்டியே போடப்பட்டது. 1894இல் அது காலியை எட்டியது. மீனவனின் குடிசைக்கும் அவன் படகுக்கும் நடுவே தண்டவாளம் வந்து கிடந்தது. அதே காலத்தையொட்டி வெள்ளவத்தையில் நூற்றல் நெசவு ஆலையும் எழுந்தது. இலங்கையின் தொழில்கள் பெரும்பாலும் தோட்டப் பயிரைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்வதோடு நின்றுவிட்ட நாளில், இயந்திரத் தறிகளோடு நூற்றுக்கணக்கானோரை ஒரே கூரையின் கீழ்க் கூட்டிய பெருந்தொழிற்சாலை அது. அங்கு வேலை செய்தோருள் மலையாளிகள் மிகுதி. சிங்களவரும் தமிழரும் உடனிருந்தனர்.

பின்னாளில் வெள்ளவத்தை வேறு காரணத்தால் தமிழரிடையே புகழ்பெற்றது. அரசாங்க அலுவலகங்களில் எழுதுவினைஞராக வந்த யாழ்ப்பாணத்தவர் காலி வீதியின் இருமருங்கிலும் குடியேறினர். இராமகிருஷ்ண மிஷனும், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அப்பகுதியின் பண்பாட்டு நிலையங்களாயின. இவை பெருமைக்குரியனவே. ஆயினும் நம் நடுத்தர வகுப்பாரின் நினைவிலுள்ள வெள்ளவத்தையில் கோயிலும் சங்கமும் பாடசாலையும் உண்டு. ஆலைச் சங்கு ஒலிப்பதில்லை.

ஒற்றுமை உண்டாக்கப்பட்ட விதம்

கரையோர மக்கள் இயல்பாகவே ஒற்றுமையாக வாழ்ந்தனர் என்று கூறுவது உண்மையாகாது. 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டு மதக் கலவரம் மூண்டது. 1915இல் சிங்கள - முஸ்லிம் கலவரம் நாடெங்கும் பரவியது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளக் கூடியவர்களாகவே இருந்தனர். அவர்களை ஒன்றாக்கியது கூலிப் போராட்டம்.

1893இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1906இல் மாட்டுவண்டிக்காரர் வேலையை நிறுத்தினர். வண்டியில் அமர்ந்து ஓட்டாமல் மாட்டோடு நடந்தே செல்லவேண்டும் என்ற நகரசபை விதியை எதிர்த்து அவர்கள் எழுந்தபோது நகரின் வாணிபமே நின்றது. 1912இல் புகையிரதத் தொழிலாளரின் முறை வந்தது. 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே புகையிரதத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் துறைமுகம் வரை பரவிப் பொது வேலைநிறுத்தமாயிற்று. 1927இல் துறைமுகத் தொழிலாளர் மீண்டும் எழுந்தனர். தஞ்சையிலிருந்து வந்து இலங்கையில் தமிழ்ப் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர் குணசிங்கவின் சங்கத்தில் துணைத் தலைவராக நின்று உழைத்தார். சிங்களத் தலைவரின் பேச்சைத் தமிழ்த் தொழிலாளி கேட்டான்; தமிழ்த் தலைவரின் சொல்லைச் சிங்களத் தொழிலாளி மதித்தான்.

கடலுக்கு அப்பால் தூத்துக்குடியில் 1908இலேயே கோரல் ஆலைத் தொழிலாளர் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வழிகாட்ட வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றிருந்தனர். இன்னும் கிழக்கே பிலிப்பைன்சிலும் இதனையொத்த நிகழ்ச்சியைக் காண்கிறோம். மனிலாத் துறைமுகத்தை அடுத்த தொண்டோ, நம் கொட்டாஞ்சேனையைப் போலவே மீனவரும் துறைமுகக் கூலிகளும் நெருங்கி வாழ்ந்த கரை. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1892இல் கத்திபுனான் இரகசியச் சங்கத்தை நிறுவிய அந்திரேஸ் பொனிபாசியோ அங்குதான் பிறந்தார். ஸ்பானியர் போய் அமெரிக்கர் ஆண்ட 1902இல், இசபெலோ டி லொஸ் ரேயஸ் அந்நாட்டின் முதற் பெருந்தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். அங்கும் முதலில் சேர்ந்தவர் அச்சகத் தொழிலாளரே. எழுத்தைக் கோத்தவன் எழுத்தை வாசித்தான். வாசித்தவன் கேள்வி கேட்டான். கொழும்பிலும் மனிலாவிலும் தொழிலாளர் இயக்கம் அச்சுக்கூடத்தில் கண்விழித்தது தற்செயலன்று.

பிளவு

1929இல் உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. தேயிலையும் இறப்பரும் விலை வீழ்ந்தன, வேலை சுருங்கியது, கூலி குறைந்தது. குறைந்த கூலிக்குக் காரணம் யார்? முதலாளி என்று சொல்லியிருக்க வேண்டிய குணசிங்க, மலையாளி என்று சொன்னார். 1920களில் இனம் பாராது தொழிலாளரைத் திரட்டிய அவரே 1930களில் தமது 'வீரய' பத்திரிகை வாயிலாக மலையாளிகளுக்கெதிரான இயக்கத்தை நடத்தினார். 1931இல் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்திருந்ததை இங்கே மறத்தலாகாது. வாக்குகளை எண்ணத் தொடங்கிய தலைவருக்கு, வாக்குரிமை உறுதியற்ற வெளிநாட்டுத் தொழிலாளியைவிட உள்ளூர் வாக்காளனே பெரிதாகத் தோன்றினான். நடேசய்யர் அவரைவிட்டு விலகி மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடம் சென்று சங்கம் அமைத்தார்.

1933இல் வெள்ளவத்தை ஆலையின் ஏறத்தாழ 1400 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இப்பிளவு வெளிப்படையாயிற்று. குணசிங்கவின் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றது. வாலிபர் முன்னணியைச் சேர்ந்த இளைஞர்கள் தொழிலாளர் பக்கம் நின்றனர். ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகக் கொல்வின் ஆர். டி சில்வா பொறுப்பேற்றார். இவ்விளைஞரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். இலங்கை இடதுசாரி இயக்கம், 'அந்நியன்' என்று இகழப்பட்ட தொழிலாளியின் பக்கம் நின்றே வளர்ந்தது என்பது பெருமைக்குரிய உண்மை.

ஆட்சியாளர் வேறு வழியே சென்றனர். 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அதனைத் தடுக்கப் பேச வந்த ஜவாஹர்லால் நேரு வெறுங்கையுடன் திரும்பினார். இலங்கை இந்திய காங்கிரஸ் அவ்வாண்டு ஜூலையில் உருவாயிற்று. 1947 ஜூன் வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தபோது சிங்களவரும் தமிழரும் ஒன்றாக அஞ்சலி செலுத்தினர். அடுத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலும் கொழும்புத் துறைமுகத்திலும் உழைத்த இந்திய வம்சாவளி மக்கள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இடதுசாரிகள் அதனை எதிர்த்தனர். தமிழ்க் காங்கிரஸ் 1948இல் அரசாங்கத்திற் சேர்ந்தது. அதிலிருந்து பிரிந்தவர்கள் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தனர்.

நம்மவர் தவறு

இங்கே இடதுசாரிகள் தம்மையே நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 1933இல் மலையாளித் தொழிலாளியின் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நாட்டை இரண்டாக்கிவிடும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவரும் அவரே. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் நுழைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பதாக ஒதுக்கியபோது அக்கட்சி அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. 1966 ஜனவரியில் தமிழ்மொழி விதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் சிவப்புக் கொடிகளும் சென்றன. 1972இல் சிங்களத்தையே அரசகரும மொழியாக நிலைநிறுத்தி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, சிறுபான்மையோருக்கிருந்த பழைய 29ஆம் பிரிவின் பாதுகாப்பை விட்டுவிட்ட அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சரும் கொல்வினே.

இவர்கள் விலைபோனவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டு நகர்வது பயன்தராது. குணசிங்க 1930களில் நடந்த வழியில் அவரை எதிர்த்தவர்களும் முப்பது ஆண்டுகள் கழித்து நடந்தனர். ஆட்சியின் கதவு திறக்கும்போது வாக்கற்ற உழைப்பாளியே முதலில் கைவிடப்படுகிறான். அவனைக் கைவிட்ட பின்னர் வாக்குள்ள உழைப்பாளியும் பலவீனனாகிறான். 1980 ஜூலையில் பொது வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டு ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தபோது அவர்களைக் காக்கும் வலிமை எந்தச் சங்கத்துக்கும் இருக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1983 ஜூலையில், வெள்ளவத்தையின் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அயலவரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்கள மக்கள் பலர் உண்டு. ஆனால் கும்பலை எதிர்த்து வீதியில் நிற்க ஒரு தொழிலாளர் இயக்கம் எஞ்சியிருக்கவில்லை.

இன்றைய கரை

நாடற்றோர் நிலை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் முடிவுக்கு வந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்களின் இடத்தைக் கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் எடுத்துக்கொண்டன. வெள்ளவத்தை ஆலையும் இல்லை. அதன் நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்ற பெயரில் செல்வர்க்கான அடுக்குமாடிகள் நிற்கின்றன. கோட்டைக்கு எதிரே 2014இல் தொடங்கி 269 ஹெக்டயர் கடல் தூர்க்கப்பட்டுத் துறைமுக நகரம் உருவாக்கப்பட்டது. அதற்கான மணல் கடலடியிலிருந்து உறிஞ்சப்பட்டபோது, மீன் பெருகும் இடங்கள் அழிகின்றன என்று நீர்கொழும்பு வரையுள்ள மீனவர் கிளர்ந்தெழுந்தனர். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அண்மையில் தீப்பற்றி ஜூனில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளை அது ஏற்றியிருந்தது. கரையெங்கும் அம்மணிகள் ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கப்பலால் வாழ்ந்த கரை கப்பலாலேயே பட்டினி கிடந்தது.

மனிலாவிலும் நிலைமை வேறல்ல. தொண்டோவின் கரையில் 'புகை மலை' எனப்பட்ட குப்பைமேடு பல்லாண்டுகளாக வளர்ந்து, அதைக் கிளறி வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரோடு 1990களில் மூடப்பட்டது. நம் கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலும் நகரின் குப்பையை ஆண்டாண்டாகச் சுமந்த இடமே. நகரம் செல்வத்தை ஒரு கரையிலும் கழிவை மறு கரையிலும் கொட்டுகிறது.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் சென்று நேர்ந்துகொள்ளும் கோயில் அது. அதன்பின் எல்லா முஸ்லிம்களையும் பகைவராகக் காட்டும் முயற்சிகள் நடந்தன. 1930களின் மலையாளி, 1948இன் இந்தியன், 1983இன் தமிழன், 2019இன் முஸ்லிம் என்று பெயர் மாறிக்கொண்டே வருகிறது. அந்த ஒவ்வொரு முறையும் கரையில் வாழ்வோரின் கூலி உயரவில்லை, வீடு அகலவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்தோரும், ஆலையில் நூல் கோத்தோரின் பிள்ளைகளும், முகத்துவாரத்து வலைக்காரரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். சிங்களத்திலும் தமிழிலும் அவர்கள் நினைவுகளைக் கேட்டு எழுதவேண்டும். 1923இலும் 1927இலும் ஒன்றாக நின்றோரின் வரலாற்றை இரு மொழிப் பாடசாலைகளிலும் கற்பிக்கவேண்டும். தன் பாட்டனும் அடுத்த வீட்டுப் பாட்டனும் ஒரே வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் என்று அறிந்து வளரும் பிள்ளையிடம் போய், அடுத்த வீட்டுக்காரனே உன் சோற்றைப் பறித்தவன் என்று சொல்வது எளிதன்று.